ஆக்சிஜன் குமிழில் யார் கை வைக்கலாம்? முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களை நடத்துகிற உங்களுக்கு வணக்கம்.

என் அப்பா தன் கடைசி நான்கு வருடங்களை ஒரு முதியோர் இல்லத்தில் கழித்தார். அவருக்கு சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்கும். கடைசி இரண்டு வருடங்கள் மூக்கில் ஆக்சிஜன் டியூபோடுதான் இருந்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள எங்களால் முடியவில்லை, அதனால் உங்களைப் போன்ற ஒருவரை நம்பி ஒப்படைத்தோம். அந்த முடிவுக்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. அங்கே அவரை அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். அன்பு மட்டும் போதாமல் போன ஓர் இரவைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று இரவு அப்பா மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார். பணியில் இருந்த பெண், பாவம், அந்தத் தளம் முழுக்கத் தனி ஆள். ஓடிவந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரத்தின் குமிழைத் திருப்பி, நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றிருந்ததை 5 லிட்டராக ஏற்றினார். சற்று நேரத்தில் அப்பாவின் முகம் தெளிந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது. நல்ல எண் என்ற நிம்மதியோடு அவர் மற்ற அறைகளைப் பார்க்கப் போனார். அப்பா தூங்கினார். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் ரத்தத்தைப் பரிசோதித்தபோது கார்பன் டை ஆக்சைடு மிகவும் ஏறியிருந்தது. மாஸ்க் வழியாக மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப் இயந்திரத்தில் மூன்று நாள் இருந்து பிழைத்து வந்தார்.

அந்த இரவில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. கூப்பிட்டதும் ஒருவர் வந்தார், இயந்திரம் ஓடியது, மின்சாரம் இருந்தது, மீட்டரும் நல்ல எண்ணைத்தான் காட்டியது. இந்த மனிதருக்கு ஆக்சிஜன் எவ்வளவு, எதுவரை போகலாம், அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு நாள் கழித்து என்னைப் பார்த்து அழுதுவிட்டார். "நல்லதுன்னு நினைச்சுதான் அக்கா ஏத்தினேன்" என்றார். அவரை நான் ஒரு சொல்லும் குறையாகச் சொல்ல மாட்டேன். நான் கேட்க வேண்டியது உங்களிடம்.

ஆக்சிஜன் ஒரு மருந்து. ஒரு மாத்திரைக்குப் பதில் ஐந்து மாத்திரை கொடுக்க உங்கள் இல்லத்தில் யாரும் துணிய மாட்டார்கள். குமிழை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்புவது மட்டும் எல்லோருக்கும் உதவியாகவே தெரிகிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூக்கு டியூபில் 1 லிட்டர் ஓடினால் உள்ளே போவது சுமார் 24 சதவீதம், 5 லிட்டர் ஓடினால் 40 சதவீதத்தைத் தொடும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு இப்படித் தேவைக்கு மேல் போகும்போது நுரையீரலில் காற்று போகும் இடமும் ரத்தம் பாயும் இடமும் பொருந்தாமல் போகின்றன. கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்குகிறது. ஆள் மெல்ல மயங்குவார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல தூக்கம் போலவே இருக்கும். அதனால்தான் இத்தகையவர்களுக்கு ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவை 88-க்கும் 92-க்கும் இடையில் வைக்கச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு 98 என்பது அபாய எண்.

இது ஏதோ புத்தகக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. எல்லோரும் மூச்சுத்திணறலோடு வந்தவர்கள், சிஓபிடி இருக்கலாம் என்று கருதப்பட்டவர்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் நிறைய ஆக்சிஜன் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 88 முதல் 92-க்குள் நிற்கும்படி அளந்து கொடுத்தார்கள். அளந்து கொடுத்தவர்களிடையே இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது. மருந்தும் ஒன்றுதான், டியூபும் ஒன்றுதான், அளவு மட்டும் வேறு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆக்சிஜனைக் கண்டு பயப்படவும் கூடாது. அளவு 80-க்கு இறங்கி, உதடு நீலம் பாய்ந்து கிடப்பவருக்குக் கொடுக்கத் தயங்கினால் அதுவும் உயிரை எடுக்கும். அங்கே உடனே கொடுக்க வேண்டும், கூடவே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நுரையீரல் நோய் இல்லாத பலருக்கு 94-க்கு மேல் இருப்பதே சரி. ஆக, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஒவ்வொருவரின் எண்ணும் அவரவர் தலைமாட்டில் எழுதி இருக்க வேண்டும்.

நான் கேட்கும் முதல் விஷயம் அந்த அட்டைதான். ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரின் படுக்கைக்கும் மேலே, தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் ஓர் அட்டை. இவருக்கு எத்தனை லிட்டர், அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம், குறைந்தால் எவ்வளவு ஏற்றலாம், அதற்குப் பிறகு யாரைக் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டது. கோப்பில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கோப்பு அலுவலக அலமாரியில் இருக்கும், அலமாரிச் சாவி இன்னொருவரிடம் இருக்கும். மூச்சு முட்டுவது பெரும்பாலும் இரவில்.

சரி, ஆக்சிமீட்டரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நல்ல கருவிதான், ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்லும். கார்பன் டை ஆக்சைடைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விரல் சில்லிட்டிருந்தால், நகத்தில் பாலிஷ் இருந்தால், கை நடுங்கினால் தவறாகக் காட்டும். தோல் கறுத்தவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு. அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

ஆளைப் பார்ப்பது என்றால் முதலில் மூச்சை எண்ணுவது. இதற்குக் கருவி வேண்டாம். நொடி முள் உள்ள கடிகாரம் போதும். மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். வயதானவர்களுக்கு நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டினால் நுரையீரலில் ஏதோ தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நிமோனியாவின் மற்ற அடையாளங்கள் தெரிவதற்கு முன்பே இந்த எண் ஏறுவது உண்டு. முதியவர்களிடம் காய்ச்சல் இல்லாமலே நிமோனியா வரும், இருமல்கூட இருக்காது. திடீரென்று குழப்பமாகப் பேசுவார், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார், நேற்றுவரை நடந்தவர் இன்று விழுவார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டால் இரண்டு நாள் போய்விடும்.

அப்பாவின் பதிவேட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டினேன். மூச்சின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நாற்பது நாளும் 20, காலையிலும் 20, இரவிலும் 20. மனிதர் யாருக்கும் அப்படி இருக்காது. யாரும் எண்ணவில்லை, கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். பணிச்சுமையில் அப்படித்தான் ஆகும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தப் பொய் எண் வெறும் கட்டத்தைவிட மோசமானது. கட்டம் வெறுமையாக இருந்திருந்தால் டாக்டராவது கேட்டிருப்பார்.

பிறகு அங்கே புதிதாக ஒரு பராமரிப்பாளர் சேர்ந்தார். நர்ஸ் படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ ஒரு மூத்த நர்ஸ் எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒரு நாள் மதியம் எனக்குப் போன் செய்தார். "அக்கா, ஐயா காலையில இருந்து ஒரு மாதிரியா இருக்கார். சாப்பிடல. மூச்சு எண்ணிப் பார்த்தேன், முப்பது வருது." காய்ச்சல் இல்லை. ஆக்சிமீட்டரும் அவருக்கு வழக்கமான 90-ஐத்தான் காட்டியது. டாக்டர் வந்து பார்த்து, எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. அன்றே மருந்து தொடங்கியதால் அந்த முறை தப்பினார். அந்த ஒரு நிமிட எண்ணிக்கையால் அப்பா எங்களோடு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார்.

வலது நுரையீரலின் அடி என்று சொன்னேனே, அது பெரும்பாலும் புரையேறியதன் அடையாளம் என்று டாக்டர் விளக்கினார். உணவோ எச்சிலோ உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் நழுவுகிறது. சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். எச்சிலோடு வாயில் இருக்கும் கிருமிகளும் போகின்றன. வாய் சுத்தமாக இல்லையென்றால் ஒவ்வொரு முறை புரையேறும்போதும் நுரையீரலுக்குள் கிருமி விதைக்கிற கதைதான். நுரையீரலுக்கும் பல் துலக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்தேன். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்திருக்கிறது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பராமரிப்பாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் அது 19 சதவீதம். இவ்வளவு பலன் தரும் வேறெந்த இயந்திரத்தை உங்களால் வாங்கிவிட முடியும்? வேண்டியது ஒரு பிரஷும் ஐந்து நிமிடமும், அந்த ஐந்து நிமிடத்தை யாருடைய வேலை என்று நீங்கள் எழுதிவைப்பதும்தான்.

பல் இல்லாதவர்களுக்கும் இது வேண்டும். ஈறு, நாக்கு, பல்செட் எல்லாமே கிருமி தங்கும் இடங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். 85 வயதைத் தாண்டியவர்களை வைத்து ஜப்பானில் செய்த இன்னொரு ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அப்புறம், படுக்க வைத்துக்கொண்டு ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, முந்தைய வாய் இறங்கிவிட்டதா என்று பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது அப்படியே உட்காரட்டும். மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ டியூபில் உணவு போகிறவர்களுக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஊட்ட ஒரே ஆளை நிறுத்தினால் இதில் ஒன்றும் நடக்காது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஸ்பூன் ஸ்பூனாக வாயில் தள்ளிக்கொண்டே அடுத்த கட்டிலை எட்டிப் பார்ப்பார்கள். அடிக்கடி புரையேறுகிறவரை விழுங்கல் பயிற்சி தெரிந்த நிபுணர் ஒருமுறை பார்த்து, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்வது நல்லது.

மருந்தைப் புகைபோல் ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசரும் அப்படித்தான். மருந்து போனதும் அந்தக் கிண்ணத்தையும் மாஸ்கையும் அப்படியே மேசை டிராயரில் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தில் கிருமி வளர்ந்து, அடுத்த வேளை மருந்தோடு நுண்துளியாக நேரே நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவ வேண்டும், கடைசி அலசலுக்குக் கிருமி நீக்கிய தண்ணீர், பிறகு காற்றில் முழுசாக உலர வேண்டும். ஒருவருடைய மாஸ்கை இன்னொருவருக்குப் போடவே கூடாது. ஒரே பாட்டில் மருந்தைத் திறந்து வைத்துப் பலருக்கு ஊற்றுவதும் ஆபத்து. ஆக்சிஜன் ஈரப்பதத்துக்கு வைக்கும் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று ஒருநாள் நீங்களே போய்ப் பாருங்கள். லீஜியோனெல்லா போன்ற கிருமிகள் குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடியவை. அங்கேயும் கிருமி நீக்கிய தண்ணீர்தான் வேண்டும், இருக்கும் தண்ணீரின் மேலேயே ஊற்றி நிரப்பாமல், கொட்டிக் கழுவிவிட்டு ஊற்ற வேண்டும்.

இன்ஹேலர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவுடர் இன்ஹேலரை வேகமாக இழுக்க வேண்டும், இழுக்கும் பலம் இல்லாதவருக்கு அது வாயோடு நின்றுவிடும். அழுத்தும் இன்ஹேலராக இருந்தால், மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல இழுக்க உதவும் ஸ்பேசர் குழலை வைத்துக் கொடுங்கள். ஸ்டீராய்டு உள்ளதென்றால் பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள். அப்பா எட்டு மாதம் தவறாகவே இழுத்துக்கொண்டிருந்தார். மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரியும் எதையும் பலமடங்கு வேகமாக எரிய வைக்கும். டியூபைக் கழற்றிப் படுக்கையில் போட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டால் போர்வையும் சட்டையும் ஆக்சிஜனை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த நேரம் ஒரு சிகரெட் பொறி போதும். மூக்கு வறண்டிருக்கிறது என்று பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், தண்ணீரில் செய்த களிம்பு இருக்கிறது. சிலிண்டர் நின்ற நிலையில் சங்கிலியோ ஸ்டாண்டோ போட்டுக் கட்டியிருக்கட்டும்.

கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது, மின்சாரம் போனால் நிற்கும். மாற்று சிலிண்டர் அதே தளத்தில், ரெகுலேட்டர் மாட்டி, திறக்கும் சாவியும் கூடவே இருக்க வேண்டும். சிறிய சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். 680 லிட்டர் கொள்ளுகிறது என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் சுமார் ஐந்தரை மணி நேரம்தான். இரண்டு பேருக்கு வேண்டும் என்றால் இரண்டு சிலிண்டர்.

கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த டியூப் சளியால் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். சளியை உறிஞ்சும் சக்‌ஷன் கருவி, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, அதே அளவில் ஒரு மாற்று டியூப், ஓர் அளவு சிறிய டியூப் இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஒருமுறை உறிஞ்சுவது 10, 15 விநாடியைத் தாண்டக் கூடாது. இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை இரவிலும் இருக்கிறாரா? இல்லையென்றால், எங்களால் முடியாது என்று குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்கிற இல்லத்தை நான் மதிப்பேன். முடியும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, கற்றுக்கொடுக்காத ஓர் ஆளை இரவில் தனியாக நிறுத்துவதுதான் தாங்க முடியாதது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். தொற்று வெளியிலிருந்தும் வருகிறது. உங்கள் ஊழியர் இருமிக்கொண்டே வேலைக்கு வருகிறார் என்றால், லீவு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். காய்ச்சலோடு வந்தால் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். ஃப்ளூ தடுப்பூசி முதியவர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒவ்வொரு ஆண்டும் போட ஏற்பாடு செய்யுங்கள், நிமோனியா தடுப்பூசியை டாக்டரிடம் கேளுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இவ்வளவையும் செய்ய ஆள் வேண்டும் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் எல்லோரும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூச்சுக்குப் பொறுப்பு இவர் என்று ஒரு பெயர் பலகையில் இருக்கட்டும். அவருக்கு எண்ணத் தெரியட்டும், அட்டையைப் படிக்கத் தெரியட்டும், மேலாளரை எழுப்பி அனுமதி கேட்காமல் டாக்டரையோ ஆம்புலன்ஸையோ கூப்பிடும் உரிமை இருக்கட்டும். கூப்பிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமில்லை என்றாலும் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை காலைவரை பொறுத்துப் பார்ப்பார்.

இந்த வாரம் ஒரு நாள் இரவு 2 மணிக்கு, சொல்லாமல், உங்கள் இல்லத்துக்குப் போங்கள். ஆக்சிஜன் ஓடும் ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, பணியில் இருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவருக்கு எத்தனை லிட்டர்? அளவு எதுவரை இருக்கலாம்? மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பதில் வரவில்லை என்றால் அவரைத் திட்டாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இருவருமாக உட்கார்ந்து அந்தப் படுக்கையில் இருப்பவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் டாக்டரை வரவழைத்து முதல் அட்டையை எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் இல்லவாசியின் மகள்